முள்ளம்பன்றி முள்ளை எய்யுமா?

கேள்வி: துரத்தி வரும் விலங்கின்மீது முள்ளம்பன்றி தன் முட்களை அம்பு போல எய்யும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், தேனி

பதில்: இல்லை, எந்த முள்ளம்பன்றிக்கும் முட்களை எறியும் ஆற்றல் கிடையாது. நம் மயிரிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன, தடித்த உரோமங்களே அம்முட்கள். ஆபத்தை உணர்ந்ததும், தோலடித் தசைகளை இறுக்கி அவற்றைச் சிலிர்த்து நிறுத்தி, உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும். வாலில் உள்ள உள்ளீடற்ற முட்களை அசைத்துக் கலகலவென ஒலியெழுப்பும். தரையை உதைத்து உறுமியும் எதிரி விலகாவிட்டால், சட்டெனத் திரும்பிப் பின்புறமாகவே பாய்ந்து மோதும்; அப்போது தோலில் தளர்வாகப் பதிந்திருக்கும் முட்கள் கழன்று எதிரியின் உடலில் ஏறிவிடுகின்றன. கண்மூடித் திறப்பதற்குள் இது முடிந்துவிடுவதால், பார்த்தவர்களுக்கு முட்கள் எய்யப்பட்டவை போலத் தோன்றியிருக்க வேண்டும்.

இந்தக் காயம் எளிதில் ஆறுவதன்று. உத்தராகண்டின் குமாவுன் மலைப்பகுதியில் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுட்ட, முக்தேசர் என்னும் ஊர்ப்பகுதியின் பெண்புலி, முள்ளம்பன்றியோடு மோதி ஒரு கண்ணை இழந்து, முன்னங்காலில் சுமார் 50 முட்கள் தைத்துப் புண்ணாகி, வழக்கமான இரையைப் பிடிக்க இயலாமல் ஆட்கொல்லியானது. தோட்டத்தில் முள்ளம்பன்றியைக் கண்டால், தயவுசெய்து நாயை ஏவாதீர்கள்.