கொல்லிக் கலம் எப்படி முடிவெடுக்கிறது?

"டி கலத்தைப் போல ஒரே பிரதான வாங்கி இல்லாமல், இயற்கைக் கொல்லிக் கலம் யாரைக் கொல்வது என்று எப்படித் தீர்மானிக்கிறது?" வெள்ளவத்தையில் உயர்தரம் படிக்கும் தம்பியின் கேள்வி. கொல்லிக் கலம் என்பது தொற்றிய கலத்தையும் புற்றுநோய்க் கலத்தையும் கொல்லும் நோயெதிர்ப்புக் கலம். வாங்கி என்பது வெளியிலிருந்து வரும் செய்தியைப் பிடிக்கும் அதன் மேற்பரப்புப் புரதம்.

காலி வீதி பிளாட் காவலாளியை நினையுங்கள். அடையாள அட்டை இருக்கிறதா, முழியே சரியில்லையா, இரண்டையும் பார்ப்பார். அட்டை என்பது எம்எச்சி-1, நலமான கலம் மேற்பரப்பில் காட்டும் புரதம். முழி என்பது நோய்த்தொற்றிலோ புற்றுநோயிலோ கலம் வெளியே காட்டும் மைக்கா போன்ற புரதம். அதைக் கொல்லிக் கலத்தின் என்கேஜி2டி என்ற வாங்கி பிடிக்கும். ஆனால் இந்த வாங்கியின் வால் குட்டை, தனியாகச் செய்தி அனுப்பாது. பக்கத்திலுள்ள டாப்10 என்ற புரதத்தின் தைரோசினில் பொஸ்பேற்று ஏறினால்தான், செய்தி கடத்தும் பிஐ3 கைனேஸ் என்ற நொதி வரும். சிடி16 என்ற வாங்கி வேறு ரகம்: பிறபொருளெதிரி ஒட்டிய கலத்தைப் பிடித்ததும் அதோடு இணைந்த சீட்டா சங்கிலி என்ற புரதம் வழியாக சிக், சாப்70 என்ற நொதிகள் எழும்பும், கல்சியம் ஏறும், எதிர்க் கலத்தைத் துளைக்கும் பெர்போரின் கொட்டும். ஓய்விலிருக்கும் கலத்துக்கு சிடி16 மட்டுமே போதும். என்கேஜி2டிக்கு இன்னொரு வாங்கியின் துணை வேண்டும். சரி, அட்டை இருந்தால்? அதைப் பிடிக்கும் தடுப்பு வாங்கி எஸ்எச்பி-1 என்ற நொதியைக் கூப்பிட்டு, ஏறிய பொஸ்பேற்றைக் கழற்றிவிடும்.