அகமத் ஜமால் விட்டுவைத்த இடங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜாஸ் கேட்கத் தொடங்குபவர்களுக்காக நீங்கள் சொன்ன பட்டியலில் அமெரிக்க பியானோக்காரர் அகமத் ஜமாலின் பெர்ஷிங் இசைத்தட்டு இருந்தது. நாலைந்து தடவை கேட்டுவிட்டேன். ஏமாற்றம்தான். பெரிய ஹோட்டலில் நாம் சாப்பிடும்போது மூலையில் யாரோ வாசித்துக்கொண்டிருப்பார்களே, அப்படி இருக்கிறது. மின்னல் வேகத்தில் பியானோ வாசித்த ஆர்ட் டேட்டத்தைக் கேட்ட காதுக்கு இவர் வாசிக்கவே தயங்குகிறாரோ என்று தோன்றுகிறது. தட்டில் உள்ள எட்டில் ஒன்றுகூட அவர் போட்ட மெட்டில்லை. பிறர் பாட்டை, அதிலும் பாதியை விட்டுவிட்டு வாசிப்பவரை, டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் ஏன் அப்படித் தூக்கிப்பிடித்தார்? நட்புதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இதே கடிதத்தை 1958ல் எழுதியிருந்தால் ஜாஸ் விமர்சகர்களில் பலர் உங்கள் பக்கம் நின்றிருப்பார்கள். மது விடுதியில் பின்னணிக்கு வாசிக்கும் 'காக்டெய்ல் பியானோக்காரர்' என்றுதான் அவரை அன்று ஒதுக்கினார்கள். தட்டோ அமெரிக்காவில் அதிகம் விற்கும் தட்டுகளின் பில்போர்டு பட்டியலில் 100 வாரங்களுக்கு மேல் உட்கார்ந்திருந்தது. பாடகர் இல்லாத ஒரு ஜாஸ் தட்டுக்கு இது நடக்கிற காரியமில்லை. இவ்வளவு விற்றதே அவர்களுடைய சந்தேகத்தைக் கூட்டியிருக்கும் என்பது என் ஊகம்.

முதலில் மைல்ஸ் விஷயம். 1953ல் சிகாகோவிலிருந்து அவருடைய அக்கா டோரதிதான் தொலைபேசியில், 'இங்கே ஒரு பியானோக்காரர் வாசிக்கிறார், உனக்குப் பிடிக்கும்' என்று சொல்கிறார். மைல்ஸ் போய்க் கேட்கிறார். அதன்பின் நடந்ததைப் பாருங்கள். 'சர்ரி வித் த ஃப்ரிஞ்ச் ஆன் டாப்' என்ற பிராட்வே பாட்டை ஜமால் 1951லேயே பதிவு செய்திருந்தார். 1956ல் மைல்ஸ் அதை எடுத்துக்கொண்டார். தன் குழுவின் பியானோக்காரர் ரெட் கார்லண்டை ஜமால் மாதிரி வாசிக்கச் சொன்னார். மைல்ஸின் 'மைல்ஸ் அஹெட்' தட்டில் வரும் 'நியூ ரம்பா' ஜமாலின் சொந்த மெட்டு. ஜமாலின் குழுவில் மூன்று பேர் வாசித்ததை இசையமைப்பாளர் கில் எவன்ஸ் கிட்டத்தட்ட அப்படியே ஒரு பெரிய வாத்தியக் குழுவுக்கு விரித்து எழுதினார். நட்புக்காக யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். ஜமாலுக்கு மெட்டுப் போடத் தெரியாமல் இல்லை என்பதும் இதிலேயே தெரிகிறது.

பிறகு ஏன் பிறர் பாட்டு? என் பதில் இதுதான்: கேட்பவருக்குத் தெரிந்த பாட்டில்தான் எதையாவது விட முடியும். இந்தத் தட்டின் முதல் பாட்டான 'பட் நாட் ஃபார் மீ' 1930ல் கெர்ஷ்வின் சகோதரர்கள் ஒரு மேடை நாடகத்துக்காக எழுதியது. 1943ல் சினிமாவில் ஜூடி கார்லண்ட் பாடினார். தட்டு பதிவான சிகாகோவின் பெர்ஷிங் ஹோட்டல் லவுஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்கு அந்த 32 பாரும் (தாளக் கட்டங்களும்) மனப்பாடமாகத்தான் இருந்திருக்கும். ஜமால் ஒரு அடியின் தலையை மட்டும் தொடுகிறார், கையை எடுத்துவிடுகிறார். மீதி அடி கேட்பவர் மனதில் ஓடுகிறது. அது முடியும் தறுவாயில் எதிர்பாராத ஓரிடத்தில் இரண்டு சுரம் வந்து விழுகிறது. புது மெட்டில் இதைச் செய்தால் வெறும் இடைவெளிதான் கேட்கும்.

உங்களுக்கு நேர்ந்ததும் அதுவே என்று நினைக்கிறேன். பாட்டுத் தெரியாமல் அவர் விட்டதை மட்டும் கேட்டிருக்கிறீர்கள்.

தயக்கம் என்கிறீர்களே, அது மட்டும் சரியில்லை. பிட்ஸ்பர்க்கில் மூன்று வயதில் பியானோ முன் உட்கார்ந்தவர். கறுப்பர்களுக்கென ஒரு தேசிய ஓப்ரா நிறுவனத்தை உருவாக்கிய மேரி கார்ட்வெல் டாசனிடம் முறையாகப் படித்தவர். டேட்டத்தை அண்ணாந்து பார்த்தவரும்கூட. வேகம் கையில் இருந்தது. வேண்டிய இடத்தில் ஒரு கைப்பிடி எடுத்துத் தூவிவிட்டு மூடிவைத்துவிடுவார்.

காலியான இடத்தைத் தாங்க ஆள் வேண்டும். இஸ்ரேல் கிராஸ்பியின் பேஸையும் (அடிச்சுரம் வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) வெர்னல் ஃபோர்னியரின் டிரம்ஸையும் விட்டுவிட்டு இந்தத் தட்டைப் பற்றிப் பேசவே முடியாது. 'பாய்ன்சியானா'வைத் திரும்பக் கேளுங்கள், எட்டு நிமிடம். இரண்டு பேர் டிரம்ஸ் வாசிப்பதுபோல இருக்கும். ஒருவர்தான்: ஒரு கையில் பஞ்சுத்தலை வைத்த கோல், மறு கையில் சாதாரணக் குச்சி. ஃபோர்னியர் நியூ ஆர்லியன்ஸ்காரர், அந்த ஊர் ஊர்வல முரசின் நடை அதில் இருக்கிறது. அதன்மேல் கிராஸ்பி ஒரே சின்ன அடியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். ஜமால் உள்ளே வருவதும் வெளியே போவதும் அந்த இருவரை நம்பித்தான். மேடையில் கையசைத்தே மற்றவர்களை வழிநடத்துவார். மூன்று பேரை வைத்துக்கொண்டு அவர் ஒரு ஆர்கெஸ்ட்ராவை நடத்திக்கொண்டிருந்தார் என்பதுதான் சரி. 1958 ஜனவரி 16ல் செய்த இந்தப் பதிவில் பின்னால் ஆட்கள் பேசுவதும் கேட்கிறது. எனக்கு அதுவும் பிடிக்கும்.

பணம் வந்ததும் சிகாகோவிலேயே 'அல்ஹம்ப்ரா' என்று சொந்தமாக ஒரு உணவகமும் கிளப்பும் திறந்தார். இஸ்லாத்தைத் தழுவியிருந்தவர், ஆகவே அங்கே மது கிடையாது. மது விற்காத ஜாஸ் கிளப் எத்தனை நாள் ஓடும்? 1961ல் மூடினார். 1962ல் இந்த மூவர் குழு கலைந்தது. கிராஸ்பியும் ஃபோர்னியரும் இன்னொரு பியானோக்காரரான ஜார்ஜ் ஷியரிங்கிடம் போனார்கள். அதே ஆண்டில் கிராஸ்பி இறந்தார். ஜமால் சில வருடங்கள் மேடையிலிருந்து விலகியே இருந்தார்.

விமர்சகர்கள் சொன்னது எல்லாமே தப்பென்று நான் வாதாடப் போவதில்லை. 1960களின் பிற்பகுதியில் பாடகர் குழுவைச் சேர்த்துக்கொண்டு செய்த தட்டுகள் உண்மையிலேயே ஹோட்டல் இசைதான். 1970ல் 'தி அவேக்கனிங்' வந்து அதைச் சரிக்கட்டியது. அதிலுள்ள 'ஐ லவ் மியூசிக்'கிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துத்தான் 1994ல் நாஸின் ராப் பாட்டு ஒன்று உருவானது. ராப் கேட்கிற பிள்ளைகளில் எத்தனையோ பேர் ஜமாலை இப்படித்தான், பெயர் தெரியாமலே கேட்டிருப்பார்கள்.

எப்படிக் கேட்பது? பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1959ல் பாடிய 'பட் நாட் ஃபார் மீ'யை வாயில் முணுமுணுப்பாக வரும்வரை கேளுங்கள். பிறகு ஜமாலுக்கு வாருங்கள். அதன்பின் 'தி அவேக்கனிங்'. 2019ல், அவருக்கு 89 வயதில் வெளியான 'பாலாட்ஸ்' கடைசியாக இருக்கட்டும். அதில் 'பாய்ன்சியானா'வைத் தனி ஆளாக, அந்தத் தாளம் இல்லாமலே வாசிக்கிறார். பெர்ஷிங் பதிவு காதில் ஊறாமல் அதைக் கேட்டால் ஒன்றும் பிடிபடாது. டேட்டத்தை விட்டுவிட வேண்டாம், இருவரையும் ஒரே நாளில் கேட்காமல் இருந்தால் போதும்.