பிளாஸ்டிக் டப்பாக்களை மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டுமா?

கேள்வி: எங்கள் சமையலறையில் முப்பது, நாற்பது பிளாஸ்டிக் டப்பாக்கள் சேர்ந்துவிட்டன. அவற்றால் உடல்நலத்துக்குக் கேடு என்கிறார்கள். எல்லாவற்றையும் கழித்துவிட்டு, கண்ணாடி டப்பாக்களை ஒரு செட்டாக வாங்கிவிடலாமா? 'மைக்ரோவேவ் சேஃப்', 'பிபிஏ ஃப்ரீ' என்று அச்சிட்டவற்றையாவது வைத்துக்கொள்ளலாமா?

பதில்: செட்டாக வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். முதலில் மாற்ற வேண்டியது டப்பாவை அல்ல, அதற்குள் வைக்கும் பொருளை. சூடு, எண்ணெய்ப் பசை, புளிப்பு, எவ்வளவு நேரம் கிடக்கிறது என்ற நான்கையும் பொறுத்துத்தான் பிளாஸ்டிக்கிலிருந்து வேதிப்பொருளும் துகளும் உணவில் இறங்குகின்றன. இவற்றில் சூடுதான் மோசம். டிரினிட்டி கல்லூரி டப்ளின் ஆய்வாளர்கள் 2020இல் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பால்புட்டிகளைச் சோதித்தார்கள். 25 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 6 லட்சம் நுண்துகள்கள் வந்தன. 95 டிகிரியில் அது 5.5 கோடியானது. பிளாஸ்டிக் வகை அதேதான். மாறியது தண்ணீரின் சூடு மட்டும்.

பாலிப்ரொப்பிலீன் பொதுவாகப் பாதுகாப்பானதாகக் கருதப்படும் வகை என்பதைக் கவனியுங்கள். அது உருகச் சுமார் 160 டிகிரி வேண்டும். அதனால் மைக்ரோவேவில் நெளியாது, உடையாது. 'மைக்ரோவேவ் சேஃப்' என்ற முத்திரை முக்கியமாகச் சொல்வது அதைத்தான். உணவில் எதுவுமே இறங்காது என்ற வாக்குறுதியாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

'பிபிஏ ஃப்ரீ' கதையும் இப்படித்தான். பாலிகார்பனேட் என்ற கெட்டியான, கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்டிக்கின் மூலப்பொருள் பிஸ்பீனால்-ஏ, சுருக்கமாக பிபிஏ. ஹார்மோன் வேலையில் குறுக்கிடக்கூடியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் இதன் தினசரி வரம்பை ஒரேயடியாக 20,000 மடங்கு குறைத்தது. 2024 டிசம்பரில் உணவு தொடும் பொருள்களில் இதைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் தடை கொண்டுவந்தது. ஆனால் இதை நீக்கிய சில தயாரிப்புகளில், பிஸ்பீனால்-எஸ் போன்ற அதன் உறவுக்காரப் பொருள் இடம்பிடித்தது. பெயரில் ஒரு எழுத்துதான் வேறு. அதுவும் ஹார்மோனைத் தொந்தரவு செய்யும் என்ற சந்தேகம் உண்டு.

நுண்துகள் எவ்வளவு ஆபத்து? 2024இல் வெளியான ஒரு இத்தாலிய ஆய்வில், கழுத்துத் தமனி அடைப்பை அறுவை செய்து எடுத்த 257 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 150 பேரின் அடைப்புப் படிவில் பாலிஎத்திலீன் (பைகள் செய்யும் பிளாஸ்டிக்) துகள் இருந்தது. துகள் காணப்பட்டவர்களுக்கு அடுத்த மூன்றாண்டுக்குள் மாரடைப்பு, பக்கவாதம் அல்லது மரணம் நேரும் அபாயம் மற்றவர்களைப் போல நாலரை மடங்கு. பிளாஸ்டிக்தான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. தொடர்பு இருப்பதைக் காட்டுகிறது. பீதியடைய இது போதாது. சூடான உணவைப் பிளாஸ்டிக்கிலிருந்து விலக்கிவைக்கப் போதும்.

இனி டப்பாக்களைக் கவிழ்த்து, அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அது பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்கிறது, தரத்தை அல்ல. 3 (பிவிசி), 6 (பாலிஸ்டைரீன்), 7 (பாலிகார்பனேட் உள்ளிட்ட 'மற்றவை'), எண்ணே இல்லாதவை ஆகிய எல்லாவற்றையும் உணவிலிருந்து விலக்குங்கள். எந்த எண்ணானாலும் மங்கிப்போனது, பிசுபிசுப்பது, கீறல் விழுந்தது, கழுவியும் வாசனை போகாதது ஆகியவையும் வேண்டாம். ஆணி, பொத்தான், விதை போட்டுவைக்க அவை உதவும். எரித்துவிடாதீர்கள், பிவிசி எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும்.

1 என்ற எண் தண்ணீர் பாட்டில் ரகம். 75 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும், அதனால் வெந்நீர் கூடவே கூடாது. மிஞ்சுபவை 2, 4 (இரண்டும் பாலிஎத்திலீன்), 5 (பாலிப்ரொப்பிலீன்). இவற்றில் தானியம், பருப்பு, சர்க்கரை, உப்பு போன்ற உலர்ந்தவற்றைத் தாராளமாக வைக்கலாம். எண்ணெயும் எண்ணெய் கசியும் பொடிகளும் வேண்டாம். கம்பி நாரால் தேய்க்காமல், மென்மையான பஞ்சும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவினால் பல ஆண்டு வரும்.

மிச்சமான சூடான உணவைப் பிளாஸ்டிக்கில்தான் வைத்தாக வேண்டும் என்றால், அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் பரப்பி, அதைக் குளிர்ந்த நீர் நிரம்பிய தட்டில் வைத்து ஆற்றுங்கள். ஆறியபின் டப்பாவுக்கு மாற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அதற்குமேல் வெளியில் கிடந்தால் கிருமிகள் பெருகும். பிளாஸ்டிக்கைவிட அது உடனடி ஆபத்து.

வாங்க வேண்டியவை மூன்றுதான்: மைக்ரோவேவில் வைக்க ஒன்றிரண்டு போரோசிலிக்கேட் (சூடு தாங்கும்) கண்ணாடிப் பாத்திரம், சூடாக எடுத்துச் செல்ல ஒரு எவர்சில்வர் டப்பா, எண்ணெய்க்கு ஒரு கண்ணாடிக் குப்பி. மைக்ரோவேவில் மூடப் பிளாஸ்டிக் மூடியோ தாளோ வேண்டாம், பீங்கான் தட்டைக் கவிழ்த்தால் போதும். எவர்சில்வரில் 304 ரகம் (18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல்) நல்லது. காந்தம் ஒட்டாததால் 304 என்று முடிவுகட்டாதீர்கள். சீக்கிரம் துருவேறும் 200 வரிசை எஃகிலும் அது ஒட்டாது.

மற்றவற்றுக்கு ஜாம் வந்த காலி ஜாடிகளே போதும். அவை சாதாரணக் கண்ணாடி என்பதால் குளிரிலிருந்து எடுத்த கையோடு கொதிநீர் ஊற்றினால் விரியும். உறைய வைக்கும்போது மேலே இரண்டு, மூன்று செ.மீ. காலியாக விடுங்கள், தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருகும். கழுத்து குறுகிய ஜாடி தோள்பட்டையில்தான் உடையும், நேராக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பலர் கவனிக்காத ஒன்று மூடியின் உள்விளிம்பு. தகர மூடியில் அந்த மெத்தென்ற வளையம் பெரும்பாலும் பிவிசி. எண்ணெய்ப் பண்டம் அதைத் தொடாதபடி குறைவாக நிரப்பி, நிமிர்த்தி வையுங்கள்.

'பசுமை' மாற்று என்று விற்பவற்றிலும் எச்சரிக்கை தேவை. மூங்கில் கோப்பை என்று வரும் பல, மூங்கில் தூளை மெலமைன் என்ற பிளாஸ்டிக் பிசினில் குழைத்து வார்த்தவை. சூடான பானத்துக்கு ஆகாது. சோளமாவுப் பிளாஸ்டிக் எனப்படும் பிஎல்ஏ 60 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். மக்குவதற்கோ கிட்டத்தட்ட அதே 60 டிகிரி தொடர்ந்து கிடைக்கும் தொழில்முறை உரக்கூடம் வேண்டும். வீட்டு உரக்குழியில் அப்படியே கிடக்கும். காகிதக் கோப்பையின் உட்புறம் பெரும்பாலும் பாலிஎத்திலீன் பூச்சுதான். புதுத் துணிப்பையும் சும்மா வரவில்லை. டென்மார்க் அரசு 2018இல் வெளியிட்ட கணக்குப்படி, பருவநிலைப் பாதிப்பில் மட்டுமே சாதாரண பிளாஸ்டிக் பையோடு சமப்பட ஒரு பருத்திப் பையை 52 முறை பயன்படுத்த வேண்டும். பழைய துணியில் தைத்த பைக்கு இந்தக் கடன் அநேகமாக இல்லை.

கழித்தவற்றை மறுசுழற்சிக்குக் கொடுப்பதற்கு முன், எந்த எண்களை எடுப்பார்கள் என்று கேளுங்கள். 1, 2, 5 எளிதில் போகும். 3, 6 எடுப்பவர்கள் குறைவு. எண்ணெய் போகக் கழுவி, உலர்த்தி, மூடியைத் தனியே பிரித்துக் கொடுங்கள். மூடி பெரும்பாலும் வேறு வகைப் பிளாஸ்டிக். இரண்டும் கலந்தால் உருக்கும்போது தரம் கெடும்.