‘என்டிசி டிக்கெட்’ என்று பயமுறுத்தினால் நம்பாதீர்கள்

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்க நானும் மனைவியும் சென்னையிலிருந்து செல்ல, மதுரையில் ஓர் ஏஜென்ட்டிடம் டிக்கெட் எடுத்தோம். தேதியை மாற்றச் சொன்னால், “இது என்டிசி டிக்கெட். விமானக் கம்பெனியிடம் நீங்களே பேசினால் ரத்தாகிவிடும்” என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கிறார். உண்மையா? – வாசகர், மேலூர்

பதில்: ரத்தாகாது. கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசியதற்காக எந்த டிக்கெட்டும் ரத்தானதில்லை. தைரியமாகப் பேசுங்கள்.

என்டிசி (New Distribution Capability) என்பது டிக்கெட்டின் வகை அல்ல. விமான நிறுவனமும் ஏஜென்ட்டின் கணினியும் பேசிக்கொள்ளும் முறை. விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா 2012-இல் கொண்டுவந்தது. அதற்கு முன்பு அமேடியஸ், சேபர், டிராவல்போர்ட் போன்ற இடைநிலைக் கணினி வலையமைப்புகள்தான் கட்டணத்தைக் கணக்கிட்டு ஏஜென்ட்டுக்குக் காட்டும். ஒவ்வொரு விலை நிலைக்கும் ஓர் ஆங்கில எழுத்து என்பதால், ஒரு விமானத்தின் விலைகள் எல்லாம் 26 எழுத்துகளுக்குள் அடங்கியாக வேண்டும். லக்கேஜ், இருக்கை, சாப்பாடு பற்றிய விவரம் பாதிக்குப் பாதி தெரியாது. இப்போது நிறுவனமே விலையைத் தயாரித்து, எத்தனை கிலோ, எந்த இருக்கை, தேதி மாற்ற எவ்வளவு என்று சேர்த்து அனுப்புகிறது. அத்தனையும் ஏஜென்ட்டின் திரையில் இருக்கிறது. திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். இந்த முறையால் பயணிக்குக் கிடைக்கும் பெரிய நன்மை அதுதான், அதைத்தான் மறைக்கிறார்கள்.

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மையும் உண்டு. எந்தக் கணினி வழியாக டிக்கெட் போட்டார்களோ, மாற்றத்தையும் அதன் வழியாகவே செய்யும்படி பல நிறுவனங்கள் சொல்லும். பழைய முறையிலும் இதே கதைதான். இத்தனை ஆண்டுகள் ஆகியும் நிறுவனத்துக்கு நிறுவனம் என்டிசியின் வெவ்வேறு பதிப்பை வைத்துக்கொண்டு, ஒரு தேதி மாற்றத்துக்கு “ஏஜென்ட்டைக் கேளுங்கள்”, “கம்பெனியைக் கேளுங்கள்” என்று பயணியைப் பந்தாடுவதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

பணம் எங்கே கூடுகிறது என்று பாருங்கள். கடையில் உட்கார்ந்திருப்பவர் பல நேரம் சப்-ஏஜென்ட்தான். டிக்கெட்டைப் போட்டவர் வேறொரு ஊரில் இருக்கும் பெரிய ஏஜென்ட். இருவரும் தங்கள் பங்கைச் சேர்த்து, மொத்தத்தையும் ‘கம்பெனி சார்ஜ்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். கம்பெனியின் மாற்றக் கட்டணம், புதிய தேதிக்கான கட்டண வித்தியாசம், ஏஜென்ட்டின் சேவைக் கட்டணம் என்று மூன்றாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் இரண்டும் எவ்வளவு என்று கம்பெனியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இன்னொரு தந்திரம், பயணியின் எண்ணுக்குப் பதிலாக ஏஜென்ட் தன் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் பதிவு செய்துவிடுவது. விமான நேரம் மாறினால் தகவல் அவருக்குத்தான் போகும். அவர் மறந்தால், நீங்கள் விடியற்காலையில் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிச் சென்னை போய்ச் சேரும்போது விமானம் கிளம்பியிருக்கும்.

கையில் இருக்கும் தாளை எடுத்துப் பாருங்கள். ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த பிஎன்ஆர் மட்டும் இருந்தால் போதாது. அது இடம் பிடித்து வைத்ததற்கான அடையாளம் மட்டுமே. ஏஜென்ட்டின் பிஎன்ஆரும் நிறுவனத்தின் பிஎன்ஆரும் வேறுவேறாகவும் இருக்கலாம். கேட்டு வாங்க வேண்டியது நிறுவனத்தினுடையது. பணம் கட்டி டிக்கெட் ஆனதற்குச் சான்று 13 இலக்க எண். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றால் 618 என்றும், ஏர் இந்தியா என்றால் 098 என்றும் தொடங்கும்.

இதில் ஒரு விலக்கை மட்டும் மறந்துவிடாதீர்கள். குறைந்த கட்டண விமான நிறுவனங்கள் பலவற்றில் இந்த 13 இலக்க எண்ணே கிடையாது. அங்கே பிஎன்ஆர்தான் டிக்கெட். மதுரையிலிருந்து பறப்பவை பெரும்பாலும் இத்தகைய நிறுவனங்களின் விமானங்களே. எனவே அப்படிப்பட்ட டிக்கெட்டில் எண்ணைக் காணவில்லை என்று ஏஜென்ட்டிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் பிஎன்ஆரையும் குடும்பப் பெயரையும் போட்டு, ‘உறுதி’ என்று வருகிறதா, பாக்கித் தொகை எதுவும் காட்டுகிறதா என்று பாருங்கள். பாக்கி காட்டினால் உங்கள் பணம் இன்னும் ஏஜென்ட்டின் பையில்தான் இருக்கிறது.

உங்களுடையது எந்த வகை நிறுவனம் என்று கடிதத்தில் இல்லை. அதற்கேற்ற சோதனையை இன்றே செய்யுங்கள். நாளைக் காலை கடைக்குப் போகும்போது மூன்று வரிக் கணக்கைக் கையெழுத்தோடு வாங்குங்கள். பதிவில் மகளின் மின்னஞ்சலையும் உங்கள் கைபேசி எண்ணையும் சேர்க்கச் சொல்லி, சேர்த்ததைத் திரையில் பார்த்த பிறகு பணத்தை எண்ணிக் கொடுங்கள்.