கத்திரிக்காயை விட்டேன், விரல் வலி விடவில்லை

கேள்வி: எனக்கு வயது 44. குடியாத்தத்தில் வசிக்கிறேன். ஆறு மாதமாக வயிறு உப்புசம், ஏப்பம், வாய்வு. மூன்று மாதமாகக் காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் மடங்குவதில்லை. சமையல் பாதி முடிந்த பிறகுதான் கை வழிக்கு வருகிறது. எல்லாம் உணவு ஒவ்வாமைதான் என்று சொல்லி, ரத்தம் எடுத்து 90 உணவுகளுக்குப் பரிசோதனை செய்தார்கள். பால், தயிர், கோதுமை, முட்டை, மல்லாட்டை (வேர்க்கடலை), கத்திரிக்காய் எல்லாம் சிவப்பில் வந்திருக்கிறது. இரண்டு மாதமாக இவற்றைத் தொடவில்லை. ஐந்து கிலோ எடை குறைந்துவிட்டது. வயிறு பரவாயில்லை, விரல் அப்படியே இருக்கிறது. இன்னும் எதை நிறுத்த வேண்டும்? கத்திரிக்காயை எப்போது சேர்க்கலாம்?

பதில்: இனி எதையும் நிறுத்த வேண்டாம் அம்மா. நிறுத்தியதே அதிகம்.

நம் பக்கத்தில் வயிறு உப்பினாலும் வாய்வு, மூட்டுப் பிடித்தாலும் வாய்வு. உருளைக்கிழங்கு தின்றால் வயிற்றில் சேரும் காற்று முழங்காலில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று என் பாட்டியும் சொல்வார். சொல் ஒன்றாக இருப்பதால் நோயும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். குடலில் உண்டாகும் காற்று மூட்டுக்குப் போக வழியே கிடையாது. உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனித் தொல்லைகள் என்றுதான் எனக்குப் படுகிறது.

முதலில் விரலைப் பார்ப்போம், அவசரம் அதற்குத்தான். இரண்டு கைகளிலும் சின்ன மூட்டுகள், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, ஆறு வாரத்தைத் தாண்டி நீடிப்பது, அதுவும் நாற்பதுகளில் உள்ள ஒரு பெண்ணுக்கு. இதைக் கேட்டதும் எந்த மருத்துவருக்கும் முடக்குவாதம் நினைவுக்கு வரவேண்டும். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுச் சவ்வையே தாக்கி அழற்சி உண்டாக்கும் நோய் அது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பார்க்காமல் உங்களுக்கு அதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனைகளை இந்த வாரமே செய்துகொண்டு மூட்டு வாத மருத்துவரைப் பாருங்கள். ஆரம்ப மாதங்களிலேயே மருந்து தொடங்கினால் எலும்பு அரிக்காமல் காப்பாற்றலாம். கத்திரிக்காயை நிறுத்திப் பார்க்கிறேன், கோதுமையை நிறுத்திப் பார்க்கிறேன் என்று கழியும் காலம் அந்த மாதங்களில் இருந்துதான் போகிறது. மெடிக்கல் ஷாப்பில் பெயர் இல்லாமல் மடித்துத் தரும் மாத்திரையை இடையில் வாங்கிப் போடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் வலி அடங்கும், நோயும் மறைந்து நிற்கும்.

சரி, வயிறு. இங்கே உணவுக்குப் பங்கு உண்டு. என் முதல் சந்தேகம் பால். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி, குழந்தைப் பருவம் தாண்டியதும் பெரும்பாலான தென்னிந்தியர்களுக்குக் குறைந்துபோகிறது. செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போகும், அங்குள்ள கிருமிகள் அதை நொதிக்கவைக்கும், வாயு வரும். இது ஒவ்வாமை இல்லை, ஒத்துக்கொள்ளாமை. இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. ஒவ்வாமை என்றால் துளி பட்டாலும் சில நிமிடங்களிலோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஒத்துக்கொள்ளாமையில் அளவுதான் கணக்கு. ஒரு டம்ளர் பாலில், அதாவது 200 மில்லியில், சுமார் 10 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. நொதி குறைந்தவர்களிலும் பலர் ஒரு வேளைக்கு அந்த அளவைத் தாங்குவார்கள். நாலு வேளை காபி, மேலே ஒரு கல்யாணத்தில் இரண்டு ஆற்காடு மக்கன் பேடா என்றால் கணக்கு எகிறிவிடும். பேடாவில் சேர்வது கோவா. சுமார் ஐந்து லிட்டர் பாலைச் சுண்டவைத்தால்தான் ஒரு கிலோ கோவா, பாலின் லாக்டோஸ் முழுக்க அதிலேயே நிற்கிறது.

தயிரை ஏன் விட்டீர்கள் என்றுதான் எனக்கு வருத்தம். உறையும்போதே லாக்டோஸ் கொஞ்சம் செலவாகிவிடும், தயிரில் உள்ள கிருமிகள் மீதியைச் செரிக்கவும் உதவும். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கு மோர் எந்தத் தொல்லையும் தராது. கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றிக் குடியுங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, பாலைக் குறைத்ததற்கு அது ஈடு.

கோதுமையில் விஷயம் வேறு. பரோட்டா, சப்பாத்திக்குப் பிறகு வயிறு உப்புவதற்குப் பெரும்பாலும் அதிலுள்ள ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து வகை காரணம். வெங்காயம், பூண்டிலும் அதேதான் இருக்கிறது. ஆம்பூர் பிரியாணியைக் குற்றம் சொல்லும் பலருக்கு உண்மையில் தொல்லை தருவது தட்டு நிறைய அள்ளிப் போட்டுக்கொள்ளும் வெங்காயப் பச்சடி! கோதுமையால் குடலே சேதமாகும் சீலியாக் நோய் நம் பக்கம் அரிது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் வேலூரும் ஓர் இடம். அந்த நோய்க்குரிய எதிர்ப்புப் புரதம் வட இந்தியாவில் நூற்றில் ஒருவருக்கு மேல் இருந்தது, தெற்கில் ஆயிரத்தில் ஒருவர் அளவுதான். ஆனால் உங்களுக்கு எடை குறைந்திருக்கிறது, அதனால் அந்த எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் டி.டி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அதற்கு முன் சில வாரம் கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டும். நிறுத்திய நிலையில் ரத்தம் கொடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரக்கூடும்.

அந்தச் சிவப்பு அறிக்கை? நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், உணவுகளுக்கு எதிராக ரத்தத்தில் உள்ள ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் பரிசோதனையாக இருக்கும். சாப்பிட்டுப் பழகிய உணவுக்கு உடல் எழுதிவைக்கும் வருகைப் பதிவேடு மாதிரி அது. மல்லாட்டை விளையும் ஊரில் இருந்துகொண்டு அது சிவப்பில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். உணவு ஒத்துக்கொள்ளாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பா, அமெரிக்கா, கனடா நாடுகளின் ஒவ்வாமை மருத்துவர் சங்கங்களே சொல்லியிருக்கின்றன.

வீட்டிலேயே செய்யலாம், செலவில்லை. மோரையும் முட்டையையும் நாளைக்கே தொடங்குங்கள். முன்பு இவற்றால் தடிப்போ மூச்சுத் தொல்லையோ வந்ததில்லை என்றால் மல்லாட்டையையும் சேர்க்கலாம். கோதுமையை அந்த வாரமே கொஞ்சமாக ஆரம்பிக்கலாம். பாலைக் கடைசியில், அரை டம்ளரில் தொடங்கி இரண்டு மூன்று நாள் பார்த்து ஏற்றுங்கள். எந்த அளவில் வயிறு முனகுகிறதோ அதற்குக் கீழே நிறுத்திக்கொள்ளலாம். மலத்தில் ரத்தம், தூக்கத்தில் எழுப்பும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இருந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள்.

உணவால் உடலில் அழற்சி அதிகமாகவே ஆகாதா என்றால், ஆகும். சர்க்கரைப் பானம், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்தது, இவற்றோடு வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு. அந்தக் கொழுப்பே அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கிறது. ஆனால் அது வருடக்கணக்கில் மெல்ல நடப்பது. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் முடக்குவாத வலியைக் கொஞ்சம் குறைக்க உதவலாம், மருந்துக்குப் பதிலாகாது.

கத்திரிக்காயால் மூட்டு வலி வருகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. சிலருக்கு அது வாயில் அரிப்பைத் தருவது உண்மை, உங்களுக்கு அப்படி எதுவும் வந்ததாக எழுதவில்லை. எப்போது சேர்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். இலவம்பாடி முள் கத்திரிக்காய் சந்தையில் கிடைத்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே.