கையில் இரண்டு கிலோ – கடிதம்

அன்புள்ள சார்,

நடை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் நடக்க ஆரம்பித்தேன். வயது 53. பத்மநாபபுரம் கோட்டையை ஒட்டித் தினமும் காலையில் முக்கால் மணி நேரம். முதலில் நன்றாக மூச்சு வாங்கும். இப்போது பேசிக்கொண்டே நடந்துவிடுகிறேன். எடையும் அசைய மாட்டேன் என்கிறது. சுகர் எல்லைக்கோட்டில் நிற்கிறது என்கிறார் டாக்டர். மஸ்கட்டிலிருந்து வந்த மகன் ஒரு ஜோடி டம்பெல் கொண்டுவந்து, "இதப் பிடிச்சிட்டு நடங்கம்மா, கலோரி ரெண்டு மடங்கு எரியும்" என்றான். ஒவ்வொன்றும் 2 கிலோ. மூன்று வாரமாக அப்படித்தான் நடக்கிறேன். இப்போது ராத்திரியில் வலது தோள் வலிக்கிறது. எதிரே வருகிறவர்கள் "கையில என்னவாக்கும்?" என்று கேட்கிறார்கள். வீட்டுக்காரர், "ரெண்டு கையிலயும் மரச்சீனிக் கிழங்கா?" என்று சிரிக்கிறார். தொடரலாமா, விட்டுவிடலாமா?

ரெ., தக்கலை

அன்புள்ள ரெ.,

நடக்கும்போது அதைக் கையில் எடுக்காதீர்கள். ஆனால் டம்பெல்லை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடவும் வேண்டாம், அதற்கு வேறு வேலை இருக்கிறது. விமானப் பெட்டியில் நாலு கிலோ இரும்புக்கு இடம் ஒதுக்கிய மகனைப் பாராட்டத்தான் வேண்டும். வளைகுடாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் டாங் பொடியும் கோடாலித் தைலமும்தான்.

முதலில் மகன் சொன்ன கணக்கு. உங்கள் எடையை நீங்கள் எழுதவில்லை, 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் முக்கால் மணி நேரம் நடந்தால் ஏறத்தாழ 170 கலோரி செலவாகும். அரைக் கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரையான எடையைக் கையில் பிடித்து நடந்தால் இது 5 முதல் 15 சதவீதம் வரை கூடும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. பத்து சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 17 கலோரி, அதாவது ஒரு டீஸ்பூன் சீனி. நடந்து முடித்ததும் கடையில் நின்று ஒரு சாயா குடித்தால் முடிந்தது கதை.

இதுவும் கையை நன்றாக வீசினால்தான் கிடைக்கும். எடை பிடித்து நடப்பவர்களைப் பின்னாலிருந்து கவனித்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்திலேயே கைவீச்சு குறையும், தோள் இரண்டும் காதை நோக்கி ஏறும், கை தொடையோரம் தொங்கிக்கொண்டு கூடவே வரும். நான் பி.டி. சாராக இருந்த காலத்தில் பையன்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது தோளை இறக்கு என்பதைத்தான். சரி, விடாமல் வீசுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 110 அடி நடந்தால் ஒவ்வொரு கையும் 55 முறை போய் வரும். முக்கால் மணி நேரத்தில் 2500 முறைக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு முறையும் முன்னே போகிற இரண்டு கிலோவை நிறுத்தித் திருப்ப வேண்டும். அந்த வேலையில் ஒரு பங்கு தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் சின்னத் தசைகளுக்கும், அவற்றை எலும்போடு கட்டும் நாண்களுக்கும் போகிறது. ராத்திரி வலிக்காமல் என்ன செய்யும்? போதாததற்கு, எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் ரத்த அழுத்தம் ஏறும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் கவனிக்கவும்.

காலில் கட்டிக்கொள்ளும் மணல் பட்டை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மகன் அடுத்த தடவை அதைக் கொண்டுவர வாய்ப்பிருக்கிறது. வாங்கவே வேண்டாம். 1969-இலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். உடம்போடு ஒட்டிய ஒரு கிலோவைவிடப் பாதத்தில் ஏற்றிய ஒரு கிலோவுக்கு நாலு மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது. லாபம்தானே என்று தோன்றும். கணுக்காலும் முழங்காலும் அப்படி நினைப்பதில்லை.

எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் இதில் எல்லாம். குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து தலையில் கடவப் பெட்டியோடு மீன் விற்க வந்த அக்காமார்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அவ்வளவு பாரத்திலும் கழுத்து நேராக நிற்கும், கை இரண்டும் சும்மா வீசிக்கொண்டு வரும். கென்யாவின் லுவோ, கிக்குயு இனப் பெண்களை வைத்து 1986-இல் ஓர் ஆய்வு வந்தது. தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் வைத்தோ, நெற்றியில் மாட்டிய பட்டையில் முதுகுப்பக்கம் தொங்கவிட்டோ நடக்கும்போது அவர்களுக்குக் கூடுதல் சக்தியே செலவாகவில்லை என்று கண்டார்கள். சின்ன வயதிலிருந்தே சுமந்த பழக்கம் அது. இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் தலையில் தேங்காய்ச் சாக்கோடு கிளம்பிவிடாதீர்கள். சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடும் நம் சிவாலய ஓட்டக்காரர்களும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறார்கள், கையில் ஓர் ஓலை விசிறி மட்டும்தான்.

நடை லேசாகிவிட்டது என்பது நல்ல செய்தி. உடம்பு பழகிவிட்டது. அடுத்து கூட்ட வேண்டியது வேகத்தை. ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் சோதித்த முறை எனக்குப் பிடித்தது. மூன்று நிமிடம் பேச்சு திணறும் அளவுக்கு வேகம், அப்புறம் மூன்று நிமிடம் சாவகாசம், இப்படி ஐந்து சுற்று. மொத்தம் அரை மணி நேரம், வாரத்தில் நாலு நாள். ஒரே சீராக நடந்தவர்களைவிட இவர்களுக்குக் கால் பலம் கூடியது, ரத்த அழுத்தமும் நன்றாக இறங்கியது என்று 2007-இல் எழுதினார்கள். வேகமான மூன்று நிமிடத்தில் யாராவது "சோமா இருக்கியளா?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுங்கள். நீளமாகப் பதில் சொல்ல முடிந்தால் வேகம் போதவில்லை.

ஏற்றம் தேடி நாம் எங்கும் போக வேண்டியதில்லை. தக்கலைக்கு மேற்கே எந்த ரோட்டில் திரும்பினாலும் ஏற்றமும் இறக்கமும்தான். ஆனால் மெயின் ரோட்டுக்குப் போகாதீர்கள். டாரஸ் லாரிகள் கல்லேற்றிப் போகும் நேரத்தில் ஓரம் என்று ஒன்றே இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை சிதறால் மலைக்குப் போகலாம், கல் பாவிய பாதை, மேலே சமணச் சிற்பங்கள். அல்லது மண்டைக்காட்டுக் கரையில் காலணியைக் கழற்றிவிட்டு உலர்ந்த மணலில் நடந்து பாருங்கள். மணலில் நடக்க, கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். மகன் சொன்ன ரெண்டு மடங்கு அங்கே கிடக்கிறது. கடலில் மட்டும் இறங்க வேண்டாம்.

எடையோடுதான் நடக்க வேண்டும் என்று ஆசை இருந்தால், தோள் சரியான பிறகு, ஒரு டம்பெல்லைத் துண்டில் சுற்றிப் பழைய ஸ்கூல் பையில் போட்டு முதுகோடு ஒட்டி மாட்டுங்கள். முழங்கால் முனகவில்லை என்றால் இரண்டாவதையும் போடலாம். கை இரண்டும் சும்மா இருப்பது நல்லது. நம் ஊர் நாய்களுக்காகவும், கால் இடறினால் ஊன்றிக்கொள்ளவும்.

டம்பெல்லின் உண்மையான வேலை வீட்டில். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னபடி நடைக்கு மேலாக வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும். உங்கள் வயதில் எலும்புக்காகவும் வேண்டும். ஒரு கையைத் திண்ணையில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் எடையை இடுப்பு வரை இழுப்பது ஒன்று. இரண்டையும் மார்போடு பிடித்து, நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுவது ஒன்று. பத்துப் பத்து முறை, நடுவில் ஓய்வெடுத்து இரண்டு மூன்று சுற்று. ஆரம்பத்துக்கு இது போதும்.

ஆனால் அதற்கு முன்னால் அந்தத் தோள். தலை வாரும்போதும், கையைப் பின்னால் கொண்டுபோகும்போதும் பிடிக்கிறதா என்று பாருங்கள். சுகர் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். ராத்திரி வலி அதற்கும் இருக்கும். எல்லைக்கோட்டில்தானே என்று இருந்துவிடாமல் இந்த வாரமே ஓர் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை இரும்பு கட்டிலுக்கடியில் கிடக்கட்டும். வீட்டுக்காரர் சும்மா இருந்தால் அவரையும் கோட்டைப் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள்.