முதல் தவணைக்கு முன்னரே: குற்ற வழக்கும் சட்டத்தரணியும், வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

வவுனியாவிலும் பிறகு கிளிநொச்சியிலும் நீதிமன்றப் பதிவகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சட்டத்தரணி இல்லை. ஆனால் லோயர் பிடிக்கப் பிந்தியதால் நொந்துபோன குடும்பங்களை கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து வருடக்கணக்காகப் பார்த்தவன். வந்த கேள்விகளைச் சுருக்கி, தெரிந்ததை எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு லோயரிடம் போகாமல் இருந்துவிட வேண்டாம், போவதற்காகத்தான் எழுதுகிறேன்.

கேள்வி (மல்லாவி, ஒரு தாய்): கோயில் திருவிழாவில் நடந்த அடிபிடியில் மகனை இன்றைக்குப் பொலிஸ் பிடித்துவிட்டது. நாளைக்கு கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்களாம். என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு லோயரைப் பிடிக்கலாமா?

அம்மா, பார்க்காதீர்கள். இன்றைக்கே பிடியுங்கள்.

வழமையான குற்றம் ஒன்றில் பிடித்தவரை, பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அப்படித்தான் சொல்கிறது. அந்த நேரத்துக்குள்தான் வழக்கின் முகம் உருவாகிறது. எந்தப் பிரிவின் கீழ் பி அறிக்கை (பொலிஸ் மன்றுக்குக் கொடுக்கும் விசாரணை அறிக்கை) எழுதுகிறார்கள், காயம் பட்டவர் எந்த வைத்தியசாலையில் எப்படி இருக்கிறார், உங்கள் மகனுக்கும் காயம் உண்டா, அதை யாராவது பதிந்தார்களா, எல்லாம் அதற்குள் அடக்கம். சாதாரண காயம் என்று எழுதுவதற்கும் கொலை முயற்சி என்று எழுதுவதற்கும் நடுவில் உங்கள் பிள்ளையின் பல மாதங்கள் கிடக்கின்றன.

சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கே போகலாம். அதற்கென்று 2012இல் விதிகள் வந்தன. "கோர்ட்டில வந்து கதைக்கச் சொல்லுங்கோ" என்று பொறுப்பதிகாரி சொன்னால் நீங்கள் திரும்பி வரலாம், லோயர் திரும்பி வரத் தேவையில்லை. பிணை கொடுக்கக்கூடிய சிறிய குற்றமாக இருந்தால் பொலிஸ் பிணையிலேயே விடுவிக்கவும் இடமுண்டு. அதையும் கேட்பதற்கு ஆள் வேண்டும்.

நாளைக்குக் காலையில் வெறும் கையோடு வராதீர்கள். மகனின் அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரிடம் வதிவிடக் கடிதம், படிக்கிறார் என்றால் பாடசாலைக் கடிதம், வேலை என்றால் வேலை கொடுத்தவரின் கடிதம், மருந்து எடுப்பவர் என்றால் கிளினிக் கொப்பி. ஆட்பிணைக்கு (பிணைக்குப் பொறுப்பாகக் கையெழுத்து வைக்க) இரண்டு பேரையாவது, அடையாள அட்டையோடும் வதிவிடம், வருமானம் காட்டும் கடிதத்தோடும் மன்றுக்கே கூட்டி வாருங்கள். பிணை உத்தரவு கிடைத்தும், கையெழுத்து வைக்கும் ஆள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்ததால் சிறை வண்டியில் ஏற்றப்பட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். பிணைப் பத்திரத்தை நிரப்பி மேசையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருப்போம். நேரம் போய்விட்டால் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. மாங்குளத்தில் பஸ் மாறி வரவேண்டிய ஆட்பிணைக்காரரை முதல் நாளே கூப்பிட்டு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அதே தாய்): பிணை கிடைக்குமா?

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தில் பிணை கொடுப்பதுதான் வழமை, மறுப்பது விதிவிலக்கு. தவணைக்கு (வழக்கு நாளுக்கு) வராமல் போவார், சாட்சிகளைக் குழப்புவார், வெளியே போய் மறுபடி குற்றம் செய்வார், ஊரில் கலவரம் வரும், இப்படிக் காரணம் காட்டித்தான் மறுக்கலாம். மேலே சொன்ன கடிதங்கள் இந்தக் காரணங்களுக்கான மறுமொழிதான். லோயர் வெறுமனே "நல்ல பிள்ளை" என்று சொல்வதும், கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வதும் ஒன்றில்லை. காயம் பட்டவர் இறந்துபோனால் கதை மாறும். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றத்தில் மேல் நீதிமன்ற நீதிபதிதான் பிணை கொடுக்கலாம்.

கேள்வி (விசுவமடு): தம்பியிடம் சிங்களத்தில் எழுதின வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அவருக்கு ஒரு வரியும் விளங்கவில்லை. வழக்கு முடிந்துபோனதா?

இல்லை. பொலிஸ் உத்தியோகத்தருக்குக் கொடுத்த குற்ற ஒப்புதலை, சாதாரண சட்டத்தின் கீழ், உங்கள் தம்பிக்கு எதிரான சான்றாகப் பாவிக்க முடியாது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அது. ஆனால் அந்தத் தாள் வீண் தாள் என்றும் நினைக்க வேண்டாம். நாளைக்கு அவர் கூண்டில் ஏறி வேறு மாதிரிச் சொன்னால், "அன்றைக்கு நீர் இப்படித்தானே சொன்னீர்" என்று எடுத்துக் காட்டுவார்கள். அவர் சொல்லிப் பொலிஸ் ஒரு பொருளை எடுத்திருந்தால், வாக்குமூலத்தின் அந்தப் பகுதி மட்டும் சான்றாக வரலாம்.

ஆகவே தம்பியைப் பார்க்கும்போது இவற்றைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எழுதினார்கள், யார் மொழிபெயர்த்தது, வாசித்துக் காட்டினார்களா, அடித்தார்களா. அடித்தது உண்மையென்றால் நீதவான் முன் முதல் நாளே சொல்ல வேண்டும், சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி லோயர் கேட்க வேண்டும். காயம் ஆறின பிறகு சொல்லும் கதைக்கு வலு குறைவு. அடிப்படை உரிமை மனு போடுவதென்றால் உயர் நீதிமன்றத்துக்கு (சுப்ரீம் கோர்ட்) ஒரு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனிமேல் யாரைக் கூப்பிட்டாலும் ஒரே சொல்தான்: தமிழில் எழுதுங்கோ, இல்லையென்றால் தமிழில் வாசித்துக் காட்டுங்கோ, அதற்குப் பிறகு கையெழுத்து. வட மாகாண நீதிமன்றங்களின் மொழி தமிழ். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கேள்வி (ஒட்டுசுட்டான், உழவு இயந்திர உரிமையாளர்): எங்கள் மெசினை ஓட்டின பெடியன் முதிரை மரக் குற்றியோடு பிடிபட்டான். "குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டு, ஒரு நாளில் முடியும், லோயர் செலவு மிச்சம்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரியா?

அண்ணை, இந்தக் கேள்விக்காகவே நான் எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஓட்டுநர் குற்றவாளியாகக் காணப்பட்டால் தண்டத்தோடு முடியாது. மரம் ஏற்றின வாகனம் பறிமுதலுக்குப் போகும். 2009ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வாகனச் சொந்தக்காரர் வேறு ஆள் என்றால், அந்தக் குற்றத்துக்குத் தன் வாகனம் பயன்படாமல் இருக்கத் தான் எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்ததாக நீதிமன்றம் திருப்திப்படும்படி காட்ட வேண்டும். காட்ட வேண்டியவர் நீங்கள். "மரம் ஏத்தாதே என்று சொன்னனான்" என்பது மட்டும் போதாது. யாருக்கு எந்த வேலைக்கு மெசினைக் கொடுத்தீர்கள், அன்றைக்கு உழவுக்கா கல் ஏற்றவா போனது, திறப்பு இரவில் யாரிடம் இருக்கும், இதற்கு முன் அவனைக் கண்காணித்தீர்களா, லீசிங் காசு இன்னும் கட்டுகிறீர்களா, இதற்கெல்லாம் சாட்சியும் தாளும் வேண்டும்.

நான் வேலை செய்த மன்றின் பின்வளவில் ஒரு மெசின் நின்றது. வந்த அன்று சிவப்புப் பூச்சு பளபளத்தது. இரண்டு மாரி போக, பெட்டியின் பலகைக்குள்ளால் நாயுருவி முளைத்து மேலே வந்தது, முன் டயர் இரண்டும் றிம் வரைக்கும் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. சொந்தக்காரர் ஒவ்வொரு தவணைக்கும் வந்து, என்னிடம் திகதியைக் கேட்டுவிட்டு, வளவுக்குப் போய் அதன் மட்காட்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். ஓட்டுநர் முதல் நாளே, லோயர் இல்லாமல், "ஓம் ஐயா, குற்றவாளி" என்று சொல்லி முடித்துவிட்டான். அவன் கட்டின தண்டம் அந்த மெசினின் நான்கு டயர் காசுக்கும் காணாது.

ஒப்புக்கொள்வது சில வழக்கில் புத்தியான முடிவுதான். ஆனால் அதை முடிவு செய்வது, குற்றப்பத்திரத்தை வாசித்து, அதன் வால் எங்கே போகிறது என்று பார்த்த லோயரோடு இருக்க வேண்டும்.

இன்னொன்று: அந்தப் பெடியனுக்கும் உங்களுக்கும் ஒரே லோயர் வேண்டாம். "முதலாளிதான் அனுப்பினார்" என்று சொல்வது அவனுக்கு நல்லது, "எனக்குத் தெரியாமல் கொண்டுபோனான்" என்று சொல்வது உங்களுக்கு நல்லது. ஒரு வாய் இரண்டையும் சொல்ல முடியாது. நீங்கள் காசு கொடுத்து அவனுக்கு லோயர் பிடித்தாலும், அந்த லோயர் அவனுடைய லோயர்தான்.

கேள்வி (பரந்தன்): கோர்ட் வாசலில் நிற்கிற ஒருவர், "எனக்குத் தெரிந்த லோயர் இருக்கிறார், ஜட்ஜுக்கு நெருக்கம்" என்று சொல்கிறார். பிடிக்கலாமா?

வேண்டாம். நீதவானுக்கு நெருக்கம் என்று விற்கிறவரிடம் விற்க வேறொன்றும் இல்லை.

விறாந்தாவில் நிற்காதீர்கள், உள்ளே போய்ப் பின் வாங்கில் இருங்கள். திறந்த நீதிமன்றம், யாரும் இருக்கலாம். ஒரு காலை முழுக்கப் பாருங்கள். யார் கோவையை வாசித்துவிட்டு எழும்புகிறார், யார் தன் கட்சிக்காரரின் பெயரையே திரும்பிக் கேட்கிறார், பிணை மறுக்கப்பட்ட பிறகு வெளியே வந்து அந்தத் தாய்க்கு யார் நின்று விளங்கப்படுத்துகிறார் என்று தெரியும். கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பெரிய பெயரைக் கொண்டுவருவது பாரிய வழக்கின் விளக்கத்துக்கு (சாட்சிகளை விசாரிக்கும் கட்டத்துக்கு) பயன்படலாம். 14 நாளுக்கு ஒருமுறை வரும் விளக்கமறியல் தவணைக்கு, கிளிநொச்சி மன்றில் தினமும் நிற்கிறவர்தான் உதவுவார்.

கேள்வி (பூநகரி): காசு எப்படிப் பேசுவது? கேட்கவே பயமாக இருக்கிறது.

பயப்படாமல் கேளுங்கள் தங்கச்சி. தவணைக்கு இவ்வளவா, வழக்கு முழுக்கவா? பிணை விண்ணப்பம் அதற்குள் அடங்குமா? அவர் வராத நாளில் வேறொருவர் எழும்பினால் அவருக்கும் தனியா? கொடுத்த காசுக்குத் துண்டு வாங்குங்கள். காணி உறுதியை ஈடு வைத்து முழுக் காசையும் முதல் நாளே கொடுக்க வேண்டாம்.

கேள்வி (நெடுங்கேணி): கணவர் உள்ளே. கூலி வேலை. ஒரு சதமும் இல்லை.

சட்ட உதவி ஆணைக்குழு என்று 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான ஒன்று இருக்கிறது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அலுவலகம் உண்டு. கிராம அலுவலரிடம் வருமானக் கடிதம், அடையாள அட்டை, வழக்கு இலக்கம் மூன்றையும் கொண்டு போங்கள். வழக்கு இலக்கம் தெரியாவிட்டால் பதிவகக் கவுண்டரில் பெயரையும் பிடித்த திகதியையும் சொன்னால் தேடித் தருவார்கள். அது எங்கள் வேலை, பிச்சை இல்லை. மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் கையளிக்கும் நாளில் லோயர் வைக்க வசதியில்லை என்று கணவர் எழும்பிச் சொன்னால், மன்றே ஒருவரை நியமிக்கும். அப்படி நியமிக்கப்பட்டவரை இலவச லோயர் தானே என்று ஒதுக்காதீர்கள். போய்ச் சந்தித்து, சாட்சிகளின் பெயரைக் கொடுங்கள். கட்சிக்காரர் வந்து கதைத்தால் எந்த லோயரும் கூடுதலாக உழைப்பார்.

கேள்வி (பெயர், ஊர் சொல்லவில்லை): நான் செய்தது உண்மைதான். லோயரிடம் சொன்னால் அவர் பொலிஸுக்குச் சொல்லிவிடுவாரா?

மாட்டார். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு அதைக் காக்கிறது. நீங்கள் சம்மதிக்காமல் அவர் வெளியே சொல்ல முடியாது. நடந்ததைத்தான் அது மூடும், இனிச் செய்யப் போகிற குற்றத்துக்கு அவரிடம் வழி கேட்டால் மூடாது. முழுதையும் சொல்லுங்கள் தம்பி. எதிர்த்தரப்புச் சாட்சியின் வாயால் உங்கள் லோயர் முதன்முதலாக உண்மையைக் கேட்கும் நாள் மிகக் கெட்ட நாள். ஊரில் சிநேகிதரிடமும், வட்ஸ்அப்பிலும் சொல்லாதீர்கள். அவர்களுக்கு 126 இல்லை.

கேள்வி (தருமபுரம்): மச்சானை ஐஸோடு பிடித்தார்கள். ஆறு கிராம் என்கிறார்கள். நீதவான் பிணை கொடுப்பாரா?

அவரால் கொடுக்க முடியாது. போதைப்பொருள் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு 5 கிராமும் அதற்கு மேலும் ஐஸ் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகும் குற்றம். மேல் மன்றுக்குத்தான் போக வேண்டும், அங்கும் விசேட காரணம் காட்ட வேண்டும். பொலிஸ் நிறுத்த நிறையும் உள்ளே இருக்கும் தூய அளவும் ஒன்றல்ல. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கைதான் அதைச் சொல்லும். அந்த அறிக்கை வந்ததா என்று ஒவ்வொரு தவணையிலும் கேட்கிற லோயராகப் பாருங்கள். போதைப்பொருள் வழக்கு பழகினவராக இருக்க வேண்டும். காணி வழக்கில் கெட்டிக்காரர் என்பது இங்கே உதவாது.

கேள்வி (புதுக்குடியிருப்பு): பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் என்றால்?

அப்போது மேலே எழுதியதில் பாதி பொருந்தாது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவருக்குக் கொடுத்த ஒப்புதல் சான்றாக வரலாம், நீதவானிடம் பிணையும் இல்லை. தடுப்புக் கட்டளையின் உச்சம் 2022 திருத்தத்தில் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைந்தது. சட்டத்தரணி சந்திக்கும் உரிமையும் அதில் எழுதப்பட்டது. பிடித்த அன்றே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். நேரம், இடம், வந்த வாகனம் எல்லாம் சொல்லுங்கள். இந்த வழக்குகளையே செய்கிற சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், அவர்களைத் தேடுங்கள்.

கேள்வி (துணுக்காய்): பஸ் பழுதாகித் தவணையைத் தவறவிட்டேன். பிடியாணை போட்டாச்சு. ஒளிந்திருப்பதா?

ஒளியாதீர்கள். பொலிஸ் பிடித்துக் கொண்டுபோனால் ஒரு மாதிரி, நீங்களாக லோயரோடு போனால் வேறு மாதிரி. லோயர் நகர்த்தல் பத்திரம் (மோஷன்) போட்டு வழக்கைக் கூப்பிடச் செய்வார், பிடியாணையை மீளப் பெறும்படி கேட்பார். பஸ் டிக்கெட் இருந்தால் எறியாதீர்கள். உங்களுக்கு ஆட்பிணை நின்றவர்களிடமும் இன்றைக்கே சொல்லுங்கள், அவர்களுக்கும் மன்றிலிருந்து அறிவித்தல் போகும்.

கேள்வி (கிளிநொச்சி): தீர்ப்பு போன வெள்ளி. தண்டனை. மேன்முறையீட்டுக்கு இன்னும் காலம் இருக்கிறதுதானே?

14 நாள்தான், அதில் இன்றைக்கு எத்தனை போய்விட்டது என்று விரல் விட்டு எண்ணுங்கள். பழைய லோயரோடு கோபம் என்றால் வேறு ஆளை வைக்கலாம், தடையில்லை. ஆனால் பழையவரிடமுள்ள கோவைக்காகக் காத்திருக்காமல், காலையில் பதிவகத்துக்குப் போய்த் தீர்ப்பின் சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பிரதி கைக்கு வரமுன் மேன்முறையீட்டுப் பத்திரத்தைத் தாக்கல் செய்யும்படி புதியவரிடம் சொல்லுங்கள். கவுண்டர் மதியத்தோடு நெரிசலாகும், நேரத்தோடு போங்கள்.